காரையாற்றில் ராத்தங்கல்

(அம்பாசமுத்திரத்தில், ஆடி மாதத் தொடக்கத்தில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

ஆடி அமாவாசைக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. இந்தக் கூடத்தில் இருப்பவர்களில் பாதிப் பேராவது சொரிமுத்தையனார் சாமியைக் கும்பிடக் காரையாற்றுக்கு மலையேறுவீர்கள். அதனால்தான் இந்தப் பேச்சை இப்போதே வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டேன். காட்டில் ஒரு ராத்திரி எப்படித் தங்குவது என்பதுதான் இன்றைக்கு விஷயம்.

போன மாதம், கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். அமெரிக்காவின் தென்மேற்கில் பாலைவன மலைகள். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், அடியில் மணல், மணலில் தன்னந்தனியாக ஒரு கூடாரம். கரண்டு கிடையாது, குழாய் கிடையாது, கக்கூஸ் கிடையாது. இடம் குறித்துக் கொடுக்கவும் ஆள் கிடையாது. வருகிறவர்களே இடம் பார்த்து, தண்ணீர் சுமந்து, ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் தள்ளித் தள்ளித் தங்கிவிட்டுப் போக வேண்டும். "இந்த மாதிரி நம்ம பக்கத்துல எதுவும் இல்லையே ஐயா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அவனுடைய கொள்ளுத்தாத்தா வருஷா வருஷம் செய்த காரியம் அது. அவர் அதைக் 'கேம்பிங்' என்று சொல்லியிருக்க மாட்டார். "கோயிலுக்குப் போயி நாலு நாள் இருந்துட்டு வாரோம்" என்று சொல்லியிருப்பார்.

நான் முதன்முதலாகக் காரையாற்றில் தங்கியபோது எனக்கு ஏழு வயது. அறுபதுகளின் நடுப்பகுதி. பாபநாசம் வரைக்கும் கூட்டுவண்டி, அதற்கு மேல் நடை. அரிசி, உப்பு, புளி, கருப்பட்டி, ஒரு வெண்கலப் பானை, ஒரு போணி, நாலு கோணிச்சாக்கு, இரண்டு ஓலைப்பாய். பதினோரு பேர் கொண்ட எங்கள் கூட்டத்துக்கு அவ்வளவுதான் சாமான். எல்லாருக்கும் மேலே அதிகாரம் எங்கள் ஆச்சிக்கு.

கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன ஓடை வந்து ஆற்றில் சேரும். சலித்துக் கொட்டியது போல வெள்ளை மணல். ஒரு ஓரமாக, கால் விரல் நனைகிற அளவுக்குத் தண்ணீர். நான் ஓடிப்போய் அந்த மணலில் மல்லாந்து படுத்துவிட்டேன். "இங்கதான் ஆச்சி, இங்கதான்" என்று கத்தினேன். ஆச்சி மணலைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள்.

"ஏல, அந்தக் கெளையில என்னல தொங்குது?"

ஆள் உயரத்துக்கும் மேலே, நீர்மருதின் கவட்டில், காய்ந்த புல்லும் சருகும் ஒரு மூங்கில் சிம்பும் சுருண்டு சிக்கியிருந்தன. "குருவிக்கூடு" என்றேன்.

"கூடும் இல்ல, மயிருமில்ல. போன ஐப்பசியில தண்ணி அங்கன வரைக்கும் வந்துருக்கு. அது படுத்த எடத்துல நாம படுக்கப்பிடாது. எந்திரி."

மேட்டில், வேர் பிடித்த மண்ணாகப் பார்த்து, கல் பொறுக்கி, சாக்கை விரித்தோம். அந்த ராத்திரி நாங்கள் இருந்த இடத்தில் சொட்டு மழை இல்லை. வானத்தில் நட்சத்திரம் கூடத் தெரிந்தது. நடுச்சாமம் கழிந்து ஒரு சத்தம். தண்ணீர்ச் சத்தம் என்று முதலில் தெரியவில்லை, யாரோ கூடை கூடையாகக் கல்லைக் கொட்டுவது போல இருந்தது. ஓடையில் கல் உருண்டு வந்துகொண்டிருந்தது. மணலில் படுத்திருந்த ஒரு குடும்பம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் மேடேறியது. நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பானையும் பாயும் போயின. விடிந்து பார்த்தால், நான் மல்லாந்து கிடந்த இடத்தில் இடுப்பளவு செந்தண்ணீர்.

மேலே மலையில் மழை. நமக்குத் தெரியாத இடத்தில் பெய்த மழை, நாம் தூங்கும்போது நம்மைத் தேடி வருகிறது. காட்டாற்றின் குணம் அது.

அந்தத் தம்பி காட்டிய பாலைவனத்திலும் இதே கதைதான். 1997 ஆகஸ்ட் 12ஆம் தேதி, அமெரிக்காவின் அரிசோனாவில் ஆன்டிலோப் பள்ளத்தாக்கு என்ற பாறை இடுக்கில் பதினொரு சுற்றுலாப் பயணிகள் இறந்துபோனார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழை இல்லை. பல மைல் தள்ளி மேட்டில் பெய்த மழை, குறுகிய பாறைச் சந்து வழியாகச் சுவர் போல வந்து அடித்துப் போனது. பாலைவனத்தில் மனிதர்கள் தாகத்தால் சாவார்கள் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீராலும் சாகிறார்கள். அங்கே மண் இறுகிக் கிடக்கிறது, பாறை மொட்டையாக நிற்கிறது, பெய்த மழையைக் குடிக்க ஒன்றும் இல்லை. அத்தனையும் உருண்டு பள்ளத்துக்கு வருகிறது. அதனால்தான் பாலைவனத்தில் தங்கப் போகிறவர்களுக்கு அந்த ஊரில் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், வறண்ட ஓடை மணலில் கூடாரம் போடாதே என்பது. எங்கள் ஆச்சி எழுதப் படிக்கத் தெரியாதவள். அவளுக்கும் அதுதான் முதல் பாடமாக இருந்தது.

நம் மலையில் காடு இருக்கிறது, மண் தண்ணீரைக் குடிக்கிறது. இருந்தாலும் சரிவு கடுமை. அகத்தியமலை உச்சி 1,868 மீட்டர். அங்கே தொடங்கும் பொருநை ஆறு கடலுக்குப் போய்ச் சேர ஓடுவது சுமார் 128 கிலோமீட்டர்தான். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் இந்த மலையில் பெய்கின்றன. அதனால்தான் இது வற்றாத ஆறு. அதனாலேயே, எந்த மாதத்தில் எந்த ஓடை சீறும் என்று அடித்துச் சொல்ல முடியாத ஆறும் கூட. 2024 மே 17ஆம் தேதி, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. நம்ம நெல்லைப் பையன். அதற்கு ஐந்து மாதம் முன்புதான், 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த டிசம்பரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுச் சுவரில் கறை இன்னும் இருக்கும்.

தண்ணீர் நிறம் மாறினால், தெளிந்த நீரில் சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், தவளைச் சத்தம் சட்டென்று நின்று வேறொரு இரைச்சல் கேட்டால், பானையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடேற வேண்டும். இதை இந்தக் கூடத்தில் இருக்கும் ஒவ்வொரு சிறுபிள்ளைக்கும் இன்றைக்கு ராத்திரியே சொல்லிக்கொடுங்கள்.

காட்டில் போய்ப் படுப்பது என்பது நமக்குப் பொழுதுபோக்காக வந்ததில்லை. பங்குனி உத்திரத்தன்று திருநெல்வேலிச் சீமை முழுக்கக் குடும்பம் குடும்பமாகத் தங்கள் குலசாமியான சாஸ்தாவை, அதாவது அய்யனாரைத் தேடிப் போகிறது. சிலருக்கு சாஸ்தா குளத்தங்கரையில், சிலருக்குப் பொத்தை அடிவாரத்தில், சிலருக்குத் தேரிக்காட்டில். குதிரைமொழித் தேரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்மணல், காற்று அடித்தால் இடம் மாறும் மணல்மேடு. நம் பக்கத்துப் பாலை அது. அந்தத் தேரி நாட்டில்தான் கற்குவேல் அய்யனார் இருக்கிறார், அருஞ்சுனை காத்த அய்யனார் இருக்கிறார். சுட்டெரிக்கும் மணலுக்கு நடுவே ஒரு சுனையைக் காத்து நிற்பதே அந்தச் சாமிக்குப் பேராகிவிட்டது. பனைமர நிழலில் அடுப்புக் கூட்டி, பொங்கி, தின்று, மணலில் தலையைச் சாய்த்துவிட்டு வருகிறார்கள். தங்கள் குல சாஸ்தா எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் போனவர்கள் சொரிமுத்தையனாரிடம் வருகிறார்கள். அவர்தான் எல்லா அய்யனாருக்கும் மூலம் என்பது நம்பிக்கை. ஊர் மறந்தவனுக்கும் வழி மறந்தவனுக்கும் அங்கே இடம் உண்டு. இவ்வளவு கூட்டம் சேர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் கோயிலில் பட்டவராயன் சன்னதிக்கு முன்னால் தோல் செருப்புகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காணிக்கை. அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் புதுச் செருப்பு நடந்து தேய்ந்தது போல இருக்கும் என்பார்கள். பட்டவராயனாகச் சாமியாகி நிற்கும் முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர். பேராசிரியர் நா. வானமாமலை அந்தக் கதையைத் தேடிப் பதிப்பித்து உலகத்துக்குக் கொடுத்தார். பிராமணக் குலத்தில் பிறந்தவன், சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்க ஆசைப்பட்டு, பூணூலைக் கழற்றி, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, அந்த வீட்டு மருமகனானான். மாமனாரின் மாட்டை மீட்கப் போய்த் திருடர் கையில் செத்தான்.

இந்தக் கதையைச் சாதியை மீறிய காதல் கதையாகப் பலரும் பேசியிருக்கிறார்கள். பேச வேண்டியதுதான், அதன் உயிரே அங்கே இருக்கிறது. எனக்கு இன்னொன்றும் படுகிறது. முத்துப்பட்டன் செத்தது வீட்டில் இல்லை, போர்க்களத்திலும் இல்லை. காட்டில் மாடு மறித்திருக்கிற இடத்துக்கு, ராத்திரியில், காவலுக்கு ஓடியவன் அவன். காட்டில் தங்குகிறவனின் வேலை காவல் காப்பது என்பதற்காக உயிரைக் கொடுத்தவனைத்தான் நாம் அங்கே சாமியாக்கி வைத்திருக்கிறோம். ராத்திரி முழுக்க நடந்து காவல் பார்க்கிறவனுக்குச் செருப்புத் தேயாமல் என்ன செய்யும்? அவன் முன்னால் தங்கப் போகிற நாம் அந்தக் காட்டை எப்படி வைத்துவிட்டு வருகிறோம் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செருப்புகள்தான் கண்ணில் நிற்கின்றன.

நம் வயல்காட்டிலேயே இன்னொரு ராத்தங்கல் உண்டு. கிடை போடுவது. அறுப்பு முடிந்த வயலுக்கு, வறண்ட பக்கங்களிலிருந்து ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு கோனார்கள் வருவார்கள். பகலெல்லாம் மேய்ச்சல். பொழுது சாய்ந்ததும் வயல்காரர் காட்டிய இடத்தில் மந்தையை அமர்த்தி, குட்டிகளைக் கூடையால் கவிழ்த்து மூடிவிட்டு, ஒரு கம்பளியும் ஒரு கம்பும் ஒரு நாயுமாக வெட்டவெளியில் படுத்துக்கொள்வார்கள். மறுநாள் கிடையைப் பத்தடி தள்ளி மாற்றுவார்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று ராத்திரி கிடந்தால் புழுக்கை குவிந்து மண் வெந்துபோகும். தள்ளித் தள்ளிக் கிடந்தால் வயல் முழுக்க உரம். கிடைக்கு வயல்காரர் கூலி கொடுக்கிறார். ஒருவன் தன் நிலத்தில் வந்து படுத்ததற்காக நிலத்துக்காரர் கூலி கொடுக்கிறார் என்றால், அந்தப் படுக்கை எப்பேர்ப்பட்ட படுக்கை! அந்தத் தம்பி காட்டிய இடத்தில் ஒருவரை விட்டு ஒருவர் தள்ளித் தங்குவதற்கும் இதே கணக்குத்தான். ஒரே இடத்தில் எல்லாரும் மிதித்தால் அந்த இடம் செத்துப்போகும்.

இப்போது காரையாற்றுக்கு வருவோம். முண்டந்துறை 1962இல் சரணாலயமானது. 1988இல் களக்காட்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆனது. 2016இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. 2022இல் இந்த மலைத்தொடரில் 1,197 சதுர கிலோமீட்டரை யானைகள் காப்பகமாக அறிவித்தார்கள். புலியும் யானையும் சிங்கவால் குரங்கும் வரையாடும் வாழும் காட்டின் நடுவில், பெருங்கூட்டமாக நாம் வருஷத்துக்கு ஒருமுறை போய் அடுப்பு மூட்டுகிறோம். முன்பு பத்து நாள், அதற்கு மேலும் குடும்பத்தோடு கிடந்தவர்கள் உண்டு. இப்போது வனத்துறை தங்கும் நாட்களைச் சுருக்கிவிட்டது, தனி வாகனங்களைத் தடுக்கிறது, பிளாஸ்டிக்கைச் சோதனைச் சாவடியிலேயே பிடுங்குகிறது. இதை வைத்து நம் ஆட்களுக்கு ஆத்திரம். "எங்க சாமியக் கும்பிட எங்களுக்கே கணக்கா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

அவர்களிடம் நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். நாள் சுருக்கியது சரிதான். ஆச்சி காலத்தில் குடிலுக்குப் பச்சைக் கம்புதான் வெட்டினோம், அதை மறைக்க மாட்டேன். கவட்டைக் கம்பு நாலு, குறுக்குக் கம்பு இரண்டு, மேலே தழை. நடந்து வந்த சில நூறு குடும்பங்கள் வெட்டியதை அடுத்த மழை ஆற்றிவிட்டது. லாரியும் வேனும் மலையேறத் தொடங்கிய பிறகு வந்த கூட்டத்துக்கு அதே உரிமையைக் கேட்டால் காடு தாங்காது. ஆனால், ஒரு ராத்திரி கூடத் தங்கக் கூடாது, காலையில் வந்து சாயங்காலம் இறங்கிவிடு என்று ஒருநாள் சொல்வார்களேயானால் அதை நான் எதிர்ப்பேன். சங்கிலிபூதத்தாருக்குச் சாமியாடி இரும்புச் சங்கிலியால் மாரில் அடித்துக்கொள்வதும், வில்லுப்பாட்டும், படையலும் ராத்திரிக்கு உரியவை. அந்த இருட்டில் ஆற்றுச் சத்தத்தோடு கிடந்து பழகாத பிள்ளைக்கு இந்த மலை சினிமாவில் பார்த்த மலைதான். தன்னுடையது என்ற எண்ணம் வராத மலைக்காக அவன் நாளைக்கு எதையும் செய்ய மாட்டான்.

அந்த ஒரு ராத்திரியை நாம் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால், முதலில் கூச்சத்தை விட்டு ஒன்று பேச வேண்டும். வெளிக்கிருப்பது. பாலைவனத்தில் தங்குகிறவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தண்ணீரிலிருந்து குறைந்தது அறுபது மீட்டர் தள்ளிப் போ, சுமார் அரை அடி குழி தோண்டு, இருந்து முடித்து மண்ணால் மூடு. சீயோன் தேசியப் பூங்காவின் 'நாரோஸ்' என்ற பாறை இடுக்கில் ராத்தங்குகிறவர்கள் தங்கள் மலத்தையே பையில் கட்டித் திரும்பச் சுமந்து வர வேண்டும். கேட்டால் முகம் சுளிப்போம். ஆனால் காரையாற்றில் பாறை இடுக்கில் நாம் விட்டுவிட்டு வருவது எங்கே போகிறது? பாபநாசம், அம்பை, சேரன்மாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம், தூத்துக்குடி. குழாய் வழியாக விருதுநகர் மாவட்டம் வரைக்கும் போகிறது. நம் பிள்ளை குடிக்கிற தண்ணீர். போகிறவர்கள் வீட்டுக்கு ஒரு களைக்கொத்து எடுத்துப் போங்கள். அரை அடி தோண்ட அரை நிமிஷம் ஆகாது. கழிப்பறை வைத்திருக்கும் இடத்தில் வரிசையில் நில்லுங்கள்.

பிறகு துணி. கழித்த துணியை ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று யாரோ சொல்லி, பாபநாசத்தில் ஆற்றுக்கு அடியில் சேலையும் வேட்டியும் மக்காமல் கிடக்கின்றன. இளைஞர்கள் முங்கி முங்கி இழுத்துக் கரையில் போடுகிறார்கள். பாறையில் சுற்றிய சேலையில் கால் மாட்டினால் நீச்சல் தெரிந்தவனும் தப்ப மாட்டான். எங்கள் ஆச்சி ஆற்றில் எச்சில் துப்பினாலே தலையில் குட்டுவாள். துணியை ஆற்றில் விடும் பழக்கம் அவள் அறியாதது.

வெளிச்சமும் சத்தமும் இன்னொன்று. ஜெனரேட்டர் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, விடிய விடியப் பாட்டு. அக்கரையில் தண்ணீருக்கு வரும் மிளா காத்து நின்று திரும்பிப் போகிறது. மயிலாற்றிலும் இஞ்சிக்குழியிலும் இருக்கும் காணிக்காரர்களோடு இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பொழுது இறங்கினால் அவர்கள் குரலும் இறங்கிவிடும். யானை வந்தால் முதலில் காதுதான் சொல்ல வேண்டும். ஊரையே ஒலிபெருக்கியோடு காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் அந்தக் காதை நாமே அடைத்துக்கொள்கிறோம்.

இந்த மலையில் தங்கியவர்களில் இன்னொருவரைச் சொல்ல ஆசை. ஜான் ஆலன் புரௌன், திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் இயக்குநர். 1855இல் அகத்தியமலையில் காந்த ஊசியின் அசைவை அளக்க ஒரு நிலையம் போட்டார். கீழே திருவனந்தபுரத்திலும் மேலே சிகரத்திலும் அளந்ததை ஒப்பிட்டு 1874இல் புத்தகமாக்கினார். பேர் அவருடையது. ஆனால் கருவிகளை அந்த உயரத்துக்குச் சுமந்தவர்கள் இல்லாமல் அந்த அளவை ஒன்றுகூட நடந்திருக்காது. எங்கே காற்று சாடும், எங்கே ஊற்று இருக்கும் என்று தெரிந்தவர்கள் இல்லாமல் அந்த மலையில் யாரும் கிடந்துவிட முடியாது. அவர்களுடைய பேர் எனக்குத் தெரியாது.

நிறையப் பேசிவிட்டேன், கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். ஆச்சி எப்படிக் கிளம்புவாள் என்பதைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

அமாவாசை கழிந்த மறுநாள், வெயில் ஏறுவதற்கு முன்னால் அடுப்பில் ஒரு போணித் தண்ணீரை ஊற்றுவாள். கங்கு சீறி அடங்கும். கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்ப்பாள், சூடு இருந்தால் இன்னொரு போணி. மூன்று அடுப்புக் கல்லையும் கரி படிந்த பக்கம் மண்ணில் படுகிற மாதிரி புரட்டிப் போடுவாள். சாம்பலை அள்ளி மரத்தூரில் தூவுவாள். குடில் கம்பைப் பிரித்து, கோயில் அடுப்புக்கு விறகாகப் போட்டுவிடச் சொல்வாள். பாய் கிடந்த இடத்தில் புல் படுத்திருக்கும், அதைப் பின்னங்காலால் ஒருதரம் கலைத்துவிடுவாள். பிறகு எங்களை வரிசையாக நிற்க வைத்து, "போயி என்ன கெடக்குன்னு பாத்துட்டு வாங்கல" என்று அனுப்புவாள். நான் ஒருமுறை வாழைநார்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதையும் முந்தியில் முடிந்துகொண்டாள்.

இந்த வருஷம் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். பெரியவளுக்கு ஏழு வயது. அந்த ஓடைக்குக் கூட்டிப்போய், மரத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லப் போகிறேன். என்ன சொல்கிறாள் என்று பார்க்க வேண்டும்.